ஸ்டேஷன்ல அடிச்சுட்டாங்கன்னா மனித உரிமை ஆணையத்துக்கு புகார் எப்படி போடுறது? சட்டைய துவைக்கிறதுக்கு முன்னாடி இத படிங்க

என் சித்தப்பா பையன ஒரு பைக் திருட்டு சந்தேகம்னு ராத்திரி கூட்டிட்டு போனாங்க, மறுநாள் சாயங்காலம் விட்டுட்டாங்க, கேஸ் எதுவும் போடல. வந்தவனால உக்காரவும் முடியல நிக்கவும் முடியல, உள்ளங்கால் ரெண்டும் வீங்கிப்போயிருந்துச்சு. சித்தி அழுதுட்டே ரத்தக்கறை பட்ட சட்டைய சோப்பு தண்ணில ஊற வச்சு துவைச்சு கொடில காயப்போட்டுட்டாங்க. ஜி.ஹெச்ல டாக்டர் கேட்டதுக்கு இவன் பயந்துபோய் மாடிப்படில விழுந்துட்டேன்னு சொல்லிட்டான். ஒன்றரை மாசம் கழிச்சு நாங்க புகார் எழுதுனப்போ ஸ்டேஷன்ல இருந்து வந்த பதில் ரெண்டே வரி, அப்படி ஒரு நபர விசாரணைக்கு அழைக்கவே இல்லன்னு. எங்க கைல இருந்தது "கீழே விழுந்ததால் காயம்"னு எழுதுன ஆஸ்பத்திரி சீட்டு, துவைச்ச சட்டை, அவ்வளவுதான். புகார முடிச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு நிறைய பேருக்கு மனு எழுத கூட உக்காந்திருக்கேன். அடி வாங்குனது உண்மைங்கறது மட்டும் போதாது, அந்த நேரத்துல அவர் போலீஸ் கைல தான் இருந்தாரு, போகும்போது நல்லா இருந்தாரு, வரும்போது காயத்தோட வந்தாரு, இந்த மூணையும் காட்டணும். இத காட்டிட்டா காயம் எப்படி வந்துச்சுன்னு சொல்ல வேண்டிய பொறுப்பு அவங்க தலைல விழுந்துடும். இந்த மூணுக்கும் ஆதாரம் கிடைக்கிறது முதல் ரெண்டு நாள்ல தான். நான் சொல்றது தமிழ்நாட்டுல நடக்குற முறை, சட்டப் பிரிவு எல்லாம் 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்குற புது சட்டத்தோட நம்பர், பழைய ஆளுங்க இன்னும் பழைய நம்பர்ல தான் பேசுவாங்க, குழம்பிக்காதீங்க.

கூட்டிட்டு போகும்போது என்ன பண்ணணும்

"சும்மா விசாரணைக்கு தான், காலைல விட்ருவோம்" இந்த வார்த்தைய கேட்ட உடனே போன எடுத்து மணி என்னன்னு பாத்து உங்க வீட்டு ஆளுங்க யாருக்காவது வாட்ஸ்ஆப்ல மெசேஜ் போடுங்க. எத்தன மணிக்கு, எந்த வண்டி, நம்பர் என்ன, யூனிஃபார்ம்ல வந்தாங்களா மப்டிலயா, எத்தன பேரு, நெஞ்சுல பேர் இருந்துச்சா, பக்கத்து வீட்டுல யாரு பாத்தாங்க. ரொம்ப சின்ன விஷயம் மாதிரி தெரியும் ஆனா அந்த மெசேஜ்ல நேரம் தானா பதிவாகிடும், பின்னாடி யாரும் கதை கட்டுனதுன்னு சொல்ல முடியாது. அன்னைக்கோ முந்தின நாளோ அவர் நல்லா நடமாடுன போட்டோ வீடியோ எதாவது இருந்தா அழிச்சுடாதீங்க.

கைது பண்ணா கைது மெமோ எழுதணும், அதுல தேதி நேரம் போட்டு குடும்பத்துல ஒருத்தரோ அந்த பகுதில மதிப்புள்ள ஒருத்தரோ சாட்சி கையெழுத்து போடணும், கைதானவரும் போடணும். 1996ல டி.கே.பாசு வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது இது, இப்போ புது குற்றவியல் நடைமுறை சட்டமான பிஎன்எஸ்எஸ் 36வது பிரிவுலயே இருக்கு. என்ன காரணத்துக்கு கைதுன்னு சொல்லணும் (47), வீட்டுக்கு தகவல் குடுக்கணும் (48), 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும் (58), பயண நேரம் மட்டும் தான் அதுல கழியும். விசாரணை நடக்குறப்போ வக்கீல பாக்கலாம், முழு நேரமும் கூட உக்கார முடியாது ஆனா பாக்க விடணும் (38). மெமோல நேரம் தப்பா போட்டிருந்தா, ராத்திரி 9க்கு தூக்கிட்டு போய் காலைல 6ன்னு போட்டிருந்தா, கையெழுத்து போடுறவர் பக்கத்துலயே சரியான நேரத்த எழுதி கையெழுத்து போடணும். விட மாட்டாங்க தான், சண்ட போட வேண்டாம், வெளிய வந்த உடனே அத தனியா எழுதி மெயில் அனுப்பிடுங்க.

கைது இல்ல விசாரணை தான்னா எழுத்துல நோட்டீஸ் எங்கன்னு கேளுங்க. சாட்சியா கூப்பிடுறதா இருந்தா பொம்பளைங்க, 15 வயசுக்கு கீழ உள்ள பசங்க, 60 வயசு தாண்டினவங்க, மாற்றுத்திறனாளிங்க, கடுமையா உடம்பு முடியாதவங்க, இவங்கள ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி கட்டாயப்படுத்த முடியாது, அவங்க வீட்டுக்கு வந்து தான் கேக்கணும். பெண்கள சூரியன் மறைஞ்சு உதிக்கிற வரைக்கும் கைது பண்ணக்கூடாது, ரொம்ப விதிவிலக்கான சூழ்நிலைன்னா பெண் போலீஸ் இருக்கணும், மாஜிஸ்ட்ரேட் கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும்.

ஸ்டேஷனுக்கு போனா "இங்க இல்லயே" அப்படிம்பாங்க. அப்போ அங்க நின்னு கத்தாதீங்க, வெளிய வந்து 100க்கு போன் பண்ணுங்க, அந்த கால் பதிவாகும். உடனே எஸ்.பிக்கோ கமிஷனருக்கோ, டிஜிபி ஆபீசுக்கும் மெயில் அனுப்புங்க, நாலு வரி போதும், இன்னார இத்தன மணிக்கு இந்த ஸ்டேஷன்காரங்க கூட்டிட்டு போனாங்க, எங்க வச்சிருக்காங்கன்னு சொல்ல மாட்டேங்குறாங்க, உயிருக்கு பயமா இருக்கு. அந்த காலத்துல இதுக்கு தந்தி அடிப்பாங்க, ராத்திரியே தந்தி அடிச்சவன் கேஸ் நிக்கும்னு பெரிய வக்கீலுங்க சொல்லுவாங்க, 2013ல தந்திய நிறுத்திட்டாங்க, அந்த வேலைய இப்போ மெயில் பாக்குது. 24 மணி நேரம் தாண்டியும் தகவல் இல்லன்னா ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு, சென்னைலயோ மதுரை கிளைலயோ. வக்கீலுக்கு காசு இல்லன்னா 15100 சட்ட உதவி நம்பர். காவல்ல இருக்குறவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு சட்டமே இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியல.

டாக்டர் கிட்டயும் மாஜிஸ்ட்ரேட் கிட்டயும் வாய திறக்கணும்

கைதானவர ரிமாண்டுக்கு முன்னாடி அரசு டாக்டர் பாக்கணும், அதே பிஎன்எஸ்எஸ் 53வது பிரிவு. அந்த ரிப்போர்ட்ல காயம் என்னென்ன, ஏறக்குறைய எப்போ ஏற்பட்டதுன்னு டாக்டர் எழுதணும், அதோட காப்பிய கைதானவருக்கோ அவர் சொல்ற ஆளுக்கோ குடுக்கணும். நடைமுறைல என்ன ஆகுதுன்னா ஏட்டு பக்கத்துலயே நிப்பாரு, டாக்டர் நிமிர்ந்து பாக்காம ஃபிட்னு எழுதி குடுத்துருவாரு. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பாவையும் மகனையும் 19ஆம் தேதி பிடிச்சு, காயத்தோட இருந்தவங்களுக்கு சர்டிபிகேட் வாங்கி ரிமாண்ட் பண்ணி கோவில்பட்டி கிளை சிறைக்கு அனுப்பி, 22லயும் 23லயும் ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. டாக்டர், மாஜிஸ்ட்ரேட், ஜெயில்னு மூணு கதவு இருந்துச்சு, மூணுல ஒண்ணு திறந்திருந்தா கூட அவங்க உயிரோட இருந்திருப்பாங்கன்னு எனக்கு இன்னைக்கும் தோணும்.

அதனால உள்ள இருக்குறவர பாக்க ஒரு நிமிஷம் கிடைச்சா சொல்ல வேண்டியது இதுதான், டாக்டர் கிட்ட சட்டைய தூக்கி காட்டு, உள்ளங்கால காட்டு, போலீஸ் அடிச்சாங்கன்னு சொல்லு, மாஜிஸ்ட்ரேட் கேக்கலன்னாலும் நீயா சொல்லு. மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வாய் விட்டு சொன்னா ரிமாண்ட் ஆர்டர்ல பதிவாகணும், வக்கீல் இருந்தா அப்பவே ஒரு மெமோ போட்டு மறுபடியும் மருத்துவ பரிசோதனை கேக்கலாம். "சொன்னா திரும்ப எங்க கைக்கு தான் வருவ"ன்னு மிரட்டி கூட்டிட்டு வந்திருப்பாங்க, அந்த பயம் நியாயமானது, அத நான் லேசா பேசல. ஆனா அங்க "ஒண்ணும் இல்லங்கய்யா"ன்னு சொன்னது ரெக்கார்டுல ஏறிடுச்சுன்னா வருஷக்கணக்கா அது கூடவே வரும். அங்க சொல்ல முடியலன்னா ஜெயில்ல உள்ள எடுக்கும்போது டாக்டர் உடம்ப பாத்து எழுதுவாரு, அங்க சொல்லுங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கை உடைஞ்சதுன்னு மாவுக்கட்டு போட்டோவோட செய்தி வருதுல்ல, அந்த கதைய உடைக்கிறது இந்த மாதிரி அன்னைக்கே எழுதுன பேப்பர் தான்.

கேஸ் போடாம விட்டுட்டாங்கன்னா நேரா ஜி.ஹெச் போங்க, பிரைவேட் கிளினிக் வேண்டாம். ஏ.ஆர். காப்பி போடச்சொல்லுங்க, ஆக்சிடன்ட் ரெஜிஸ்டர்ல பதிவு பண்றது. "எப்படி அடிபட்டுச்சு"ன்னு கேட்டா யாரு, எங்க, எப்போ, எதால, இந்த நாலையும் சொல்லணும். "இன்ன ஸ்டேஷன்ல மூணு போலீஸ்காரங்க லத்தியால அடிச்சாங்க"ன்னு அவர் எழுதுறாரான்னு பாத்துட்டே இருங்க. எங்க பையன் தோத்தது அந்த ஒரு வரில.

போட்டோ எடுக்குறது பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், நிறைய பேரு இங்க தான் கோட்ட விடுறாங்க. பகல் வெளிச்சத்துல எடுங்க, ஃபில்டர் எதுவும் வேண்டாம். முதல்ல முகமும் காயமும் ஒண்ணா தெரியுற மாதிரி ஒண்ணு, அப்புறம் கிட்ட போய் ஒண்ணு, பக்கத்துல ஒரு ஸ்கேலோ ரூபா காசோ வச்சு எடுத்தா அளவு தெரியும். கன்னிப்போன காயம் முதல் நாள் சிவப்பா இருக்கும், அப்புறம் நீலம் பாரிக்கும், நாலஞ்சு நாள் போனா பச்சை, மஞ்சள்னு மாறி மங்கிடும், அதனால தினமும் எடுங்க. லத்தி அடிக்கு ஒரு அடையாளம் இருக்கு, அடி விழுந்த இடம் நடுவுல வெளுத்து ரெண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி இணையா ரெண்டு கோடு சிவந்திருக்கும், படில விழுந்தா சாதாரணமா அப்படி வராது. உள்ளங்கால்ல அடிச்சா வீக்கத்த தவிர வெளிய பெருசா தெரியாது, நடக்குறப்போ வீடியோ எடுங்க. காது அடைச்ச மாதிரி இருக்குன்னா ஈ.என்.டி டாக்டர் கிட்ட காட்டுங்க, கன்னத்துல அறைஞ்சா செவிப்பறை கிழியும். மூத்திரம் டீ கலர்ல வந்துச்சுன்னா உடனே ஓடுங்க, சதை அடிபட்டு கிட்னிய பாதிச்சிருக்கலாம், அது ஆதார பிரச்சன இல்ல உயிர் பிரச்சன.

துணி. துவைக்காதீங்க. நிழல்ல காயவச்சு பேப்பர் கவர்ல போடுங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பூஞ்சை பிடிச்சுடும். சாத்தான்குளம் விஷயத்துல ரத்தம் ஊறி ஊறி லுங்கிய மாத்திட்டே இருந்தாங்கன்னு சாட்சி சொன்னாங்க, அந்த துணிக்கு இருந்த மதிப்ப நினைச்சுப்பாருங்க.

சிசிடிவி

2020 டிசம்பர்ல பரம்வீர் சிங் சைனி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, எல்லா ஸ்டேஷன்லயும் வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் ரூம், எஸ்.ஐ ரூம், கட்டடத்தோட பின்பக்கம்னு எல்லா இடத்துலயும் கேமரா இருக்கணும், சத்தமும் பதிவாகணும், 18 மாசம், இல்லன்னா குறைஞ்சது ஒரு வருஷம் சேமிச்சு வைக்கணும். ஆனா கேமரா ரிப்பேர்னு சொல்லுவாங்க. சாத்தான்குளத்துல விசாரிக்க போன மாஜிஸ்ட்ரேட் எழுதுன ரிப்போர்ட்ல, ஹார்ட் டிஸ்க்ல இடம் இருந்தும் தினமும் தானா அழியுற மாதிரி செட்டிங் பண்ணி வச்சிருந்தாங்கன்னு இருந்துச்சு. அதனால வெளிய வந்த அன்னைக்கே எஸ்.பிக்கு தனியா ஒரு கடிதம், இந்த தேதி இத்தன மணில இருந்து இத்தன மணி வரை இந்த ஸ்டேஷன் பதிவ அழிக்காம பத்திரப்படுத்தி வைக்கணும்னு. அதோட தகவல் உரிமை சட்டத்துல ஆர்டிஐ மனுவும் போடுங்க, உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல்னா 48 மணி நேரத்துல பதில் தரணும், அந்த வார்த்தைய மனுவுல எழுதுங்க. தர மறுத்தாலும் மறுத்த பதில் கைல இருக்கும், பின்னாடி பதிவு இல்லன்னு சொன்னா ஏன் கேட்டப்போவே எடுத்து வைக்கலன்னு கேக்கலாம்.

ஸ்டேஷன் கேமராவ மட்டும் நம்பாதீங்க, எதிர் கடை கேமரா, பெட்ரோல் பங்க் கேமரா, தெரு கேமரா எல்லாம் பாருங்க, அதெல்லாம் ஒரு வாரம் பத்து நாள்ல அழிஞ்சுடும். 2025 ஜூன்ல திருப்புவனம் பக்கத்துல மடப்புரம் கோயில் காவலாளிய அடிச்சு கொன்ன விஷயத்துல ஒருத்தர் மறைஞ்சிருந்து செல்போன்ல எடுத்த சின்ன வீடியோ தான் ஊர உலுக்குச்சு. அடிச்ச இடம் ஸ்டேஷனே இல்லங்கறதையும் கவனிங்க. மண்டபம், தோப்பு, லாட்ஜ்னு எங்க வச்சு அடிச்சாலும் போலீஸ் பிடில இருந்தா அது கஸ்டடி தான், மனுவுல அப்படியே எழுதுங்க.

மனு எழுதுறது

மாநில ஆணையமா தேசிய ஆணையமா? ஒண்ணுல விசாரணை நடந்துட்டிருந்தா இன்னொண்ணு எடுக்காது, மனித உரிமை பாதுகாப்பு சட்டம் 1993, 36வது பிரிவு. ரெண்டுக்கும் அனுப்பி ரெண்டும் இல்லாம போன ஆளுங்கள பாத்திருக்கேன். சாதாரணமா நான் மாநில ஆணையம் தான் சொல்லுவேன், சென்னை, பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை, 143, பின்கோடு 600028, விசாரணைக்கு போய்வர சுலபம். டெல்லின்னா மானவ் அதிகார் பவன், ஜிபிஓ காம்ப்ளக்ஸ், ஐஎன்ஏ, புது டெல்லி 110023, ஆன்லைன்லயும் போடலாம், 14433 ஹெல்ப்லைன். ரெண்டு இடத்துலயும் ஃபீஸ் கிடையாது, ஸ்டாம்ப் வேண்டாம், தமிழ்லயே எழுதலாம், வக்கீல் கட்டாயம் இல்ல, பாதிக்கப்பட்டவர் சார்பா வேற யார் வேணா போடலாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டாங்க.

முதலமைச்சர், கலெக்டர், டிஜிபின்னு வரிசையா எழுதி கடைசில நகல் மனித உரிமை ஆணையம்னு போடாதீங்க, பெறுநர் ஆணையம்னு நேரடியா எழுதுங்க. பேர் போடாத மொட்டக்கடுதாசி நிக்காது. அப்புறம் முக்கியமான ஒண்ணு, எல்லாரும் பண்ற தப்பு, பொய் கேஸ் போட்டுட்டாங்க அத ரத்து பண்ணுங்கன்னு மனு முழுக்க எழுதுறது. கேஸ் கோர்ட்ல இருக்கு, அதுல ஆணையம் கை வைக்காது, நீதிமன்றத்துல நிலுவைன்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. திருடுனாரா இல்லையாங்கறது வேற, அவர அடிச்சாங்களாங்கறது வேற. மனு ரெண்டாவத மட்டும் பேசணும். திருடனாவே இருந்தாலும் அடிக்க யாருக்கும் உரிமை இல்ல, இத எழுதுறப்போ கை நடுங்க வேண்டாம்.

நடை எப்படி இருக்கணும்னா இப்படி:

"நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன். என் மகனை 12ஆம் தேதி இரவு 9.40 மணிக்கு வீட்டு வாசலில் இருந்து வெள்ளை நிற ஜீப்பில் வந்த நான்கு போலீசார் அழைத்துச் சென்றனர். அதில் ஒருவர் உதவி ஆய்வாளர் என்று மற்றவர்கள் அழைத்ததில் தெரிந்தது. கைது மெமோ தரவில்லை. 10.25க்கு ஸ்டேஷன் சென்றேன், இங்கே இல்லை என்றார்கள். 10.50க்கு 100க்கு போன் செய்தேன். 13ஆம் தேதி மாலை 5 மணிக்கு விடுவித்தனர். இடது தொடையில் இரண்டு, முதுகில் மூன்று இடங்களில் கன்றிய காயம். அன்று இரவு 7.15க்கு அரசு மருத்துவமனையில் சேர்த்தேன், ஏ.ஆர். நகல் இணைத்துள்ளேன்."

பாருங்க, இதுல காட்டுமிராண்டித்தனம், ஈவு இரக்கமில்லாம எதுவுமே இல்ல, மணி மட்டும் தான் ஓடிட்டே இருக்கு, அதனாலயே படிக்கிறவங்களால ஒதுக்க முடியாது. பேர் தெரியலன்னா உயரம், மீசை, தழும்பு, பார்த்தால் அடையாளம் காட்டுவேன்னு எழுதுங்க. தெரியாத ஆள் பேர யூகத்துல போடாதீங்க, ஒரு பேர் தப்பா போச்சுன்னா மொத்த மனுவும் ஆட்டம் கண்டுடும். சாதி பேர் சொல்லி திட்டியிருந்தா, கெட்ட வார்த்தையா இருந்தாலும் அதே வார்த்தைய அப்படியே எழுதுங்க, பட்டியல் சாதி பழங்குடியினர்னா வன்கொடுமை தடுப்பு சட்டமும் சேரும். கடைசில என்ன வேணும்னு தெளிவா கேளுங்க, விசாரணை, சிசிடிவி வரவழைக்கணும், இடைக்கால நிவாரணம், குற்ற வழக்கும் துறை நடவடிக்கையும் எடுக்க பரிந்துரை. இணைப்பு எல்லாம் நம்பர் போட்டு ஒப்புதல் அட்டையோட ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க, பதிவுத்தபால் 2025ல ஸ்பீடு போஸ்டோட சேர்ந்துடுச்சு.

அனுப்புன பிறகு

நம்பர் போட்டு கடிதம் வரும். எஸ்.பி கிட்ட அறிக்கை கேப்பாங்க, அதுல "குற்றச்சாட்டு உண்மைக்கு புறம்பானது"ன்னு தான் பெரும்பாலும் இருக்கும், மனசு விட்டுடாதீங்க. அந்த அறிக்கைக்கு உங்க பதில கேட்டா குடுத்த கெடுவுக்குள்ள வரிக்கு வரி பதில் போடுங்க. ஆணையத்துக்கு சிவில் கோர்ட் அதிகாரம் உண்டு, ஆள வரவழைக்கலாம், ஆவணம் கேக்கலாம், அவங்களுக்குன்னு தனி புலனாய்வு பிரிவும் இருக்கு. விசாரணைல உங்கள குறுக்கு விசாரணை பண்ணுவாங்க. முடிவுல இழப்பீடு குடுக்கச்சொல்லி அத சம்பந்தப்பட்ட அதிகாரி சம்பளத்துல பிடிக்கச்சொல்லலாம். வெறும் பரிந்துரை தானேன்னு சொல்லுவாங்க, 2021ல மெட்ராஸ் ஹைகோர்ட் முழு பெஞ்ச் ஆணையத்தோட பரிந்துரை அரச கட்டுப்படுத்தும்னு தீர்ப்பு குடுத்திருக்கு.

ஆணையம் யாரையும் ஜெயில்ல போடாது. அதுக்கு எஃப்ஐஆர் வேணும், அந்த ஸ்டேஷன்லயே குடுக்கணும்னு இல்ல, எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம், மறுத்தா எஸ்.பிக்கு தபால், அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட். வாக்குமூலம் வாங்குறதுக்காக அடிச்சா புது தண்டனை சட்டமான பிஎன்எஸ் 120வது பிரிவு, 7 வருஷம் வரை, கொடுங்காயம்னா 10 வருஷம் வரை. இதுக்கு வக்கீல் வச்சே ஆகணும்.

காவல்ல இறந்துட்டாங்கன்னா எல்லாமே வேகமா நடக்கும், குடும்பம் அழுதுட்டு இருக்கும்போதே பேப்பர்ல கையெழுத்து கேப்பாங்க. எதுலயும் போடாதீங்க. பிஎன்எஸ்எஸ் 196வது பிரிவு படி மாஜிஸ்ட்ரேட் விசாரணை கட்டாயம், ஆர்டிஓ இல்ல, நீதித்துறை மாஜிஸ்ட்ரேட். போஸ்ட்மார்ட்டம் வீடியோ எடுக்கணும்னு எழுதி குடுங்க, உடம்ப முன்னாடியே பாக்கணும்னு கேளுங்க, தேசிய ஆணையத்துக்கு 24 மணி நேரத்துல போலீசே தகவல் குடுக்கணும்னு 1993ல இருந்தே உத்தரவு இருக்கு, குடுத்தாங்களான்னு கேளுங்க. உடம்ப வாங்கி எரிச்சுட்டா மறுபடி போஸ்ட்மார்ட்டம் பண்ண முடியாது, சந்தேகம் இருந்தா வக்கீல் ஹைகோர்ட் போற வரைக்கும் பொறுங்க.

மனு போட்ட பத்து நாள்ல யாராவது வீட்டுக்கு வருவாங்க, பெரும்பாலும் தெரிஞ்ச ஆளையே தூது அனுப்புவாங்க, வார்டு மெம்பரோ சொந்தக்காரரோ, "அவருக்கும் புள்ள குட்டி இருக்கு, ஏதோ செலவுக்கு வாங்கிட்டு வாபஸ் வாங்கு"ன்னு. இல்லன்னா புதுசா ஒரு கேஸ் போடுவோம்னு மிரட்டல். வந்தது யாரு, எத்தன மணி, என்ன சொன்னாங்கன்னு அன்னைக்கே எழுதி அதே மனு நம்பர் போட்டு ஆணையத்துக்கு இன்னொரு கடிதம் அனுப்புங்க. வெள்ளப் பேப்பர்ல கையெழுத்து வேண்டவே வேண்டாம். விசாரணைக்கு போறப்போ ஒரிஜினல யார் கேட்டாலும் காட்டலாம், கைல இருந்து விடக்கூடாது, செராக்ஸ் மூணு செட் எடுத்துட்டு போங்க, ஒரு செட் பக்கத்து வீட்டுலயோ அக்கா வீட்டுலயோ இருக்கட்டும், உங்க வீட்ட சோதனை போட்டாலும் அது அங்க இருக்கும்.